இரண்டாவது கரண்டி

போன மாதம் ஈப்போவில் ஒரு வணிகர் சங்கம் நடத்திய கருத்தரங்குக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். உலகச் சந்தையில் கால் பதிப்பது எப்படி என்பது தலைப்பு. அதைச் சொல்லித்தர வந்தவர்களில் பாதிப் பேர் ஹோட்டல் கம்பளத்தைத் தவிர வேறு எங்கும் கால் பதித்தவர்களாகத் தெரியவில்லை. எனக்குப் பேச வாய்ப்பு கிடையாது. 'மூத்த ஏற்றுமதியாளர்' என்று ஓர் அட்டையைச் சட்டையில் குத்தி முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழைமரத்துக்கு என்ன வேலையோ அதுதான் எனக்கும்.

சிறப்புப் பேச்சாளர் மிஸ்டர் ஜெய். கோலாலம்பூரில் ஆலோசனை நிறுவனம் வைத்திருக்கிறார். திரையில் வட்டம் போட்டார், அம்பு போட்டார், வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் போட்டார். அப்புறம் ஒரு புகைப்படம் வந்தது. ஒரு மளிகைக் கடைப் பலகையில் கறித்தூள் டின்கள் கோபுரம் போல அடுக்கியிருந்தன. ஒவ்வொரு டின்னிலும் தொப்பி போட்ட ஒரு பெரியவரின் முகம். பேராக் மாநிலத்தில் பிறந்த ஒரு சின்னக் கம்பெனி தமிழ்நாட்டுச் சந்தைக்குள் நுழைந்து வென்ற கதை இது என்றார் ஜெய். மண்டபமே கைதட்டியது.

நான் தட்டவில்லை. அந்தப் படத்தை எடுத்தவனே நான்தான். அந்த டின்களை நன்றாகத் தெரியும், அவற்றின் அடியில் என்ன இருந்தது என்பதும் தெரியும்.

தேநீர் இடைவேளையில் ஏற்றுமதித் துறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு மூன்று பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, நீங்க அந்தக் கம்பெனியிலதானே வேல செஞ்சீங்க? அந்தக் கதய எங்களுக்கும் சொல்லுங்கண்ணே," என்றாள் ஒருத்தி. "தே தாரேக் ஆறுறதுக்குள்ள சொல்ற கதை இல்லலா. எழுதி அனுப்புறேன்," என்று தப்பித்து வந்தேன். வாசலில் ஒரு துணிப்பையைக் கையில் திணித்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அன்பளிப்பாம். அதைக் காரின் பின் சீட்டில் எறிந்துவிட்டுக் குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எழுதுவதாகச் சொன்னதை இப்போது எழுதுகிறேன்.

நான் காம்பார் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். அதைப் பற்றி உருகுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஏற்றுமதிக்காகவே பால் வெட்டிய சனம் நாங்கள். அந்தப் பால் எந்த ஊருக்குப் போகிறது, அங்கே அதை யார் என்ன செய்கிறார்கள் என்று வெட்டியவரும் கேட்கவில்லை, வெட்டச் சொன்னவரும் சொல்லவில்லை. ஐந்தாம் படிவம் முடித்து, கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சரக்கு என்பது எங்கேயாவது போய்ச் சேர வேண்டிய ஒன்று என்பதே எனக்கு உறைத்தது. சில வருஷம் அங்கே கொட்டு வாங்கிவிட்டு ஊர் திரும்பி, ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் மணிக்கூண்டு மார்க் கறித்தூள் கம்பெனியில் ஏற்றுமதிக் கிளார்க்காக நுழைந்தேன். கடைசியில் மேனேஜர் என்று பெயர் மாறியது. வேலை மாறவில்லை.

முதலாளியை எல்லாரும் ஹாஜி என்போம். அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சின்ன ஊரிலிருந்து கப்பலேறி வந்து, ஈப்போ சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவி, பிறகு சொந்தமாக மசாலா அரைத்து விற்றவர். ஹாஜி அதைக் கம்பெனி ஆக்கினார். ஆபீஸ் என்று ஓர் அறை இருந்தது, ஆனால் ஹாஜி அங்கே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஃபேக்டரிக்குப் பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடையில், மூலை மேசையில், ஒரு தே தாரேக்கை, அதாவது ஆற்றிய பால் டீயை, முன்னால் வைத்துக்கொண்டு கம்பெனி நடத்தினார். எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. "பாப்போம்லா" என்றால் நடக்காது. "இன்ஷா அல்லா" என்றால் நடந்தாலும் நடக்கும். பேச்சுக்கு நடுவில் தே கிளாஸை ஒரு விரலால் அப்பால் தள்ளிவிட்டால் முடிவு ஆகிவிட்டது, அதற்கு மேல் அங்கே வாய் திறப்பவன் மூடன்.

ஆனால் தூள் விஷயத்தில் அந்த மனிதரை அசைக்க முடியாது. புதிதாக அரைத்த ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பார், முகருவார், கையைக் கழுவுவார், வேறு வேலை பார்த்துவிட்டு வந்து மறுபடி முகருவார். கழுவிய கையில் வாசம் நிற்கவில்லை என்றால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார். மூக்கு அவ்வளவு தெளிவு. சொந்தக்காரர்கள் விஷயத்தில் மட்டும் அந்த மூக்கு அடைத்துக்கொள்ளும்.

என் வாழ்க்கையில் நான் உருப்படியாகத் திறந்த வெளிநாட்டுச் சந்தை ஒன்றுதான். தாய்லாந்தின் ஹட்யாய். உண்மையைச் சொன்னால் அதையும் நான் திறக்கவில்லை, ஒரு பெண்மணி வந்து கதவைத் தட்டினார். காக் மரியம் என்று பெயர். காக் என்றால் மலாயில் அக்கா. தென் தாய்லாந்தில் மலாய் பேசும் பட்டாணி மாநிலத்தில் பிறந்து ஹட்யாயில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். உறவைப் பார்க்க ஈப்போவுக்கு வந்தபோது ஒரு கடையில் மீன் கறி சாப்பிட்டுவிட்டு, சமையல்காரரிடம் தூளின் பெயரைக் கேட்டு, நேராக எங்கள் கேட்டுக்கு வந்து நின்றார். நான் போட்டோ ஆல்பமும் விலைப் பட்டியலும் எடுத்து நீட்டினேன். அவர் இரண்டையும் தொடவில்லை. "கொஞ்சம் தூள் குடு. அடுத்த வாரம் நீ அங்க வா," என்றார் மலாயில். அவர் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன்.

போனேன். தன் கடை வாசலில் ஒரு பானை மீன் கறி வைத்திருந்தார். சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சோற்றோடு ஒரு கரண்டி இலவசம். நான் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்று, சாப்பிட்டவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். காக் மரியம் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"டிக், ஓசியில சாப்பிடுறவன்கிட்ட எப்படி இருக்குன்னு கேக்காத. நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். அவனுக்கு வேற என்ன வழி? வாய பாக்காத, கரண்டிய பாரு. ரெண்டாவது கரண்டி கேக்கிறவன் எத்தன பேருன்னு பாரு."

டிக் என்றால் தம்பி. நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள், இரண்டாவது கரண்டிக்கு ஏறக்குறைய யாரும் வரவில்லை. சாயந்திரம் அவரே காரணமும் சொன்னார். சீரகம் தூக்கல், நிறம் மங்கல், அவர்கள் சமைக்கும் மீனுக்குப் புளிப்பை இன்னும் தாங்குகிற தூள் வேண்டும், பாக்கெட் ஒரு நாள் சமையலுக்கு மேல் இருக்கக் கூடாது. நான் ஈப்போவுக்கு வந்து ஹாஜியிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. மாற்றி அரைத்துக் கையில் தேய்த்துப் பார்த்துக் கொடுத்தனுப்பினார். மூன்றாவது முறை மாற்றிக் கொண்டுபோனபோது, பெண்கள் வீட்டிலிருந்து கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குத்தான் காக் மரியம் விலையைப் பற்றிப் பேசினார்.

அப்புறம் நடந்தது எல்லாம் சலிப்பூட்டும் வேலை. அதனால்தான் கருத்தரங்குகளில் அதைப் பற்றி யாரும் படம் போடுவதில்லை. தாய் எழுத்தில் லேபிள் அடித்தோம். அங்கத்து உணவு இலாகாவில் பதிவு எண் வாங்கினோம். சரக்கு இந்த நாட்டில்தான் செய்யப்பட்டது என்பதற்கான பூர்வீகச் சான்றிதழ் இருந்தால் வரி குறையும், ஒவ்வொரு லாரிக்கும் அதை வாங்கினோம். இத்தனை மாதத்துக்கு, குறைந்தது இத்தனை பெட்டி, எடுக்காவிட்டால் உரிமை போய்விடும் என்று ஒப்பந்தம் எழுதினோம். காக் மரியம் அதை ஆளை வைத்து மொழிபெயர்த்துப் படித்து, எனக்குச் சாதகமாக இருந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் லாரிக்குப் பக்கத்தில் நின்று நான் தின்ற பிஸ்கட்டுகளுக்கு அளவில்லை. ஒவ்வொரு நோன்பு மாதத்துக்கும் அந்தப் பெண்மணி கேட்கும் அளவு கூடிக்கொண்டே போனது. அந்த மாதத்துக்கு முந்தைய சில வாரங்கள் எங்கள் ஒரே ஓர் அரவை மெஷின் ஹட்யாய்க்காகவே ஓடும். பேக்கிங்கில் இருந்த பெண்கள் அந்த ஓவர்டைமை நம்பித்தான் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான் வாங்கினார்கள்.

இந்த நேரத்தில்தான் ஹாஜியின் மகன் ரஃபீக் வெளிநாட்டில் நிர்வாகப் படிப்பை முடித்துவிட்டு, கூடவே மிஸ்டர் ஜெயையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஜெய் அப்போது இன்னும் ஒல்லி. எங்கள் ஃபேக்டரிக்குள் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார், அடுக்கடுக்காகத் தும்மினார், ஹட்யாய் ஒரு குட்டிச் சந்தை என்று தீர்ப்பு சொன்னார். அவருக்கு 'டயஸ்போரா' என்று ஒரு சொல் பிடித்திருந்தது. பூர்வீகத்தை விட்டுப் பல நாடுகளில் போய்க் குடியேறியவர்கள் என்று அர்த்தமாம். நீங்களும் தமிழர், அவர்களும் தமிழர், நாக்கு ஒன்று, ருசி ஒன்று, மொழிபெயர்ப்புச் செலவுகூடக் கிடையாது, இப்படி ஒரு சந்தை உலகத்தில் யாருக்குக் கிடைக்கும் என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஜெய் சொன்னதால் ஹாஜி மயங்கவில்லை. ஹாஜிக்கு உள்ளுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. சின்ன வயதில் அத்தாவோடு ஒருமுறை அந்தக் கடற்கரை ஊருக்குப் போயிருந்தாராம். அத்தாவின் அண்ணன் பெரியத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ, "கப்பலேறிப் போயி என்னத்தக் கண்டான், எச்சிக் கிளாசு கழுவுனான்," என்று சொல்லிச் சிரித்தார்களாம். அத்தா தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தாராம். இதை ஹாஜி என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. சரக்குக்குப் பூர்வீகச் சான்றிதழ் நான் வாங்கித் தந்தேன். ஹாஜி தன் பூர்வீகத்திடமிருந்தே ஒரு சான்றிதழ் வாங்கக் கிளம்பிவிட்டார்.

அந்த ஊரில் ஒரு கல்யாணம் வந்தது. பெரியத்தாவின் மருமகன், ஹாஜிக்கு மச்சான் முறை, சாகுல் என்று மளிகைக் கடைக்காரர், அவர் மகளுக்கு. ஹாஜி, ஜெய், நான் மூவரும் போனோம். கல்யாணத்துக்கு முந்தின நாள் உறவுக்காரர்களுக்கெல்லாம் விருந்து. அதில் எங்கள் தூளில் ஒரு தனி அண்டா மீன் கறி வைக்கச் சொன்னார் ஹாஜி. சாப்பிட்டவர்கள் கையில் ஜெய் ஒரு காகிதத்தைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னார். ருசி எப்படி, மணம் எப்படி, வாங்குவீர்களா. இதுதான் எங்கள் கம்பெனி தமிழ்நாட்டில் நடத்திய சந்தை ஆய்வு. கடல் தாண்டி வந்த மச்சான், கைநிறையச் சீரோடு வந்தவர், எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கறியை நன்றாக இல்லை என்று எழுதுகிற பாவி அந்தப் பந்தலில் எவன் இருப்பான்?

"மாஷா அல்லா, நல்லா இருக்கு மச்சான்."

"மலேசியா மணம் தனிதான்."

நான் காகிதத்தைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்தேன். பரிமாறுகிறவர் வாளியோடு வரிசை வரிசையாகப் போனார். ஆட்டுக்கறி வாளிக்கு இலைகள் காத்திருந்தன. எங்கள் வாளி வந்தபோது எல்லாரும் கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்துப் போதும் போதும் என்றார்கள். அண்டாவில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. அந்த ஊரில் வசதியுள்ளவர்கள் மிளகாயும் மல்லியும் வாங்கி மாடியில் காயவைத்துத் தங்கள் கைப்பக்குவத்துக்கு மில்லில் அரைத்துக்கொள்கிறார்கள், வசதி குறைந்தவர்கள் சில்லறைக்குக் கிடைக்கும் குட்டிப் பாக்கெட் வாங்குகிறார்கள். இதை நான் கண்டுபிடிக்க அரை நாள் கடைத்தெருவில் நின்றது போதுமாக இருந்தது. இறக்குமதி வரி கட்டிய பெரிய டின்னுக்கு அங்கே யாரும் ஏங்கிக் கிடக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஹாஜியிடம் சொன்னேன். "ஹாஜி, யாரும் ரெண்டாவது கரண்டி கேக்கல." அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கல்யாண வீட்டுல கூச்சப்படுவாங்கலா," என்றார். நான் பார்த்த கல்யாணங்களில் சாப்பாட்டுக்குக் கூச்சப்பட்ட தமிழனைக் கண்டதில்லை. அதையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

மறுநாள் கல்யாணப் பந்தலிலேயே சாகுலுக்கு இந்தியா முழுவதற்குமான விற்பனை உரிமை கொடுக்கப்பட்டது. நான் ஹட்யாய் ஒப்பந்தம் மாதிரி ஒன்றை எழுதி எடுத்துப் போயிருந்தேன். எத்தனை வருஷம், குறைந்தது எவ்வளவு, விற்காவிட்டால் என்ன என்று மூன்றே பத்தி. ஹாஜி அதை மடித்து என் சட்டைப் பையில் திருப்பி வைத்தார். "சொந்தக்காரன்கிட்டயா கையெழுத்து வாங்க சொல்ற? எங்க அத்தா பேரு கெட்டுடும் கருணா," என்றார். எங்களுக்குள் இது ஒரு பெரிய வியாதி. முகம் தெரியாதவனிடம் பத்து இடத்தில் கையெழுத்து வாங்குவோம். சொந்தக்காரன் என்றால் கடையையே தூக்கிக் கொடுத்துவிட்டுக் காகிதம் கேட்க வெட்கப்படுவோம்.

முதல் கண்டெய்னர் போனது. மணிக்கூண்டுப் படத்தை எடுத்துவிட்டு, டின்னில் அத்தாவின் முகத்தைப் போடச் சொன்னார் ஹாஜி. டின் எங்கள் கேட்டைத் தாண்டியதும் முழுவதும் விற்றுத் தீர்ந்தது என்று ஜெய் அறிக்கை அனுப்பினார். கேட்டைத் தாண்டினாலே விற்பனை என்றால், எங்கள் எஸ்டேட் ஆற்றில் அடித்துக்கொண்டு போன குப்பைகூட ஏற்றுமதிக் கணக்கில் வர வேண்டியதுதான். அடுத்த நோன்பு மாதத்துக்கு முன்னால் சாகுலிடமிருந்து போன் வந்தது. சரக்கு பறக்கிறதாம், இரண்டாவது கண்டெய்னர் உடனே வேண்டுமாம், காசை இரண்டுக்கும் சேர்த்துப் பிறகு தருவாராம். அதே வாரம் காக் மரியம் தன் நோன்பு மாத ஆர்டரை அனுப்பினார், அதுவரை கேட்டதிலேயே பெரியது. மெஷின் ஒன்று. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை.

"ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்துடுவோம் ஹாஜி," என்றேன். "இன்ஷா அல்லா," என்றார். போனோம்.

சாகுல் வாசலுக்கு ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "வாங்க மச்சான், வாங்க. சரக்கு நிக்க மாட்டேங்குது மச்சான்." கடைக்குள் நுழைந்ததும் எதிரிலேயே அந்தக் கோபுரம். அத்தாவின் முகம் வரிசை வரிசையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் அப்போதுதான் துடைத்த பளபளப்பு. ஹாஜி அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. அத்தாவைப் பார்த்துச் சிரித்த அந்தத் தெருவில், அத்தா நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

ஹாஜி மெல்லக் கிட்டே போய்க் கீழ் வரிசை ஓரத்தில் ஒரு டின்னைப் பிடித்தார். அது வரவில்லை. பலகையோடு ஒட்டியிருந்தது. கொஞ்சம் அசைத்து இழுத்ததும் கையோடு வந்தது. பலகையில், டின் இருந்த இடத்தில், வட்டமாக ஒரு துரு வளையம். கடற்கரை உப்புக் காற்று, நாளாவட்டத்தில் தகரத்தைத் தின்று, மரத்தில் வரைந்துவிட்டுப் போன வளையம். வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த டின் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதற்கு மேலே அடுக்கியிருந்தவையும் நகர்ந்திருக்க வழியில்லை. வேறு எதுவும் தெரிந்துகொள்ளத் தேவையில்லாமல் போயிற்று.

சாகுல் உள்ளே பார்த்து யாருக்கோ டீ சொல்லிக்கொண்டிருந்தார். ஹாஜி வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டின்னைத் திருப்பி, துருவின் மேல் சரியாகப் பொருந்தும்படி, முகம் தெருவைப் பார்க்கும்படி வைத்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு படம் எடு கருணா," என்றார்.

எடுத்தேன். அந்தப் படம்தான் ரஃபீக் வழியாக ஜெயிடம் போய், திரையில் ஏறி, கைதட்டு வாங்கியது.

ஊர் திரும்பிய மறுநாள் நாசி கண்டார் கடை மூலை மேசையில் உட்கார்ந்தோம். ஹாஜி, ரஃபீக், நான். அவரே பார்த்துவிட்டாரே, இனி நான் வாதாட என்ன இருக்கிறது என்று நிம்மதியாகத்தான் போனேன். ஹட்யாய்க்கு அரைக்க ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டேன். ரஃபீக்கும் என் பக்கம்தான் பேசினான், அந்தப் பிள்ளையை நான் குறைத்து எடை போட்டிருந்தேன். "அத்தா, அங்க சரக்கு நகரலன்னா நிறுத்திடலாம்த்தா. ஹட்யாய் நிச்சயமான ஆர்டர். ஜெய்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஹாஜி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு திறந்தார்.

"இப்ப அனுப்பலன்னா அவன் என்ன செய்வான் தெரியுமா? அந்த டின்ன எல்லாம் எறக்கி மூட்டையில கட்டிப் பின்னால போட்டுருவான். மலேசியாக்காரன் சரக்கு ஓடலன்னு தெரு முழுக்கச் சொல்லுவான். எங்க அத்தா ஒரு தடவ அங்க தல குனிஞ்சாரு. ரெண்டாவது தடவ குனிய வெக்க மாட்டேன்லா."

"ஹாஜி, பேக்கிங்ல இருக்கிற பொம்பளைங்க..." என்று ஆரம்பித்தேன்.

ஒரு விரலால் தே கிளாஸை அப்பால் தள்ளினார்.

காக் மரியத்துக்கு நான்தான் போன் செய்தேன். அவர் திட்டுவார், ஒப்பந்தத்தைக் காட்டிக் கத்துவார் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"டிக், நோன்பு மாசத்துல தூள் இல்லன்னு சொன்னா எங்க பொம்பளைங்க என்னை மன்னிச்சிடுவாங்க. ஆனா அதுக்குள்ள வேற தூளுக்கு நாக்கு பழகிடும். பழகிடுச்சின்னா திரும்ப வர மாட்டாங்க. நானும்தான் வர முடியாது." பிறகு கேட்டார். "உங்க ஹாஜி யாருக்குக் குடுக்கிறார்?"

"அவங்க அத்தாவோட ஊருக்கு."

"அங்க ரெண்டாவது கரண்டி கேட்டாங்களா?"

"இல்ல காக்."

"அப்ப அது வியாபாரம் இல்ல டிக். கந்தூரி."

புண்ணியத்துக்கு ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவதற்கு நாங்களும் அவர்களும் சொல்லும் சொல் ஒன்றுதான். ஜெய் ஒரு வருஷம் படம் போட்டு விளக்கியதை அந்த அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். போனை வைத்த பிறகு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பூர்வீகச் சான்றிதழ் கட்டு முழுவதையும் கிழித்துப் போட்டிருப்பேன். வேலைக்காரன் என்பதால் அடுக்கி வைத்தேன்.

மிச்சத்தை நீட்டவில்லை. இரண்டாவது கண்டெய்னரும் போய்த் துருப்பிடித்தது. சாகுல் அதற்கெல்லாம் அசரவில்லை. விற்கவும் இல்லை, வேறு யாரையும் விற்க விடவும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு நல்ல விநியோகஸ்தர் சின்னப் பாக்கெட்டில் எடுத்து விற்கிறேன் என்று வந்தபோது, இந்தியா முழுக்க உரிமை என்னுடையது என்று மறித்தார். காலம் போடாத உரிமைக்குக் காலாவதி ஏது? காக் மரியம் அடுத்த வருஷமே ஹட்யாயில் சொந்த அரவை போட்டுவிட்டார் என்று எல்லை லாரிக்காரர் ஒருவர் சொன்னார். எங்கள் மெஷின் வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றது. முதலில் ஓவர்டைம் போனது, பிறகு ஆட்கள் போனார்கள். பேக்கிங்கில் பல வருஷம் இருந்த சரோஜா அக்கா கடைசி நாளில் ஏப்ரனை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஹாஜியோட அத்தாவுக்கு அங்க மரியாத கெடச்சிச்சு. எங்களுக்கு இங்க லீவு கெடச்சிச்சு. எல்லாருக்கும் எதோ ஒண்ணு கெடச்சிச்சு தம்பி, வாரேன்." இப்போது அவர் தூரத்தில் ஒரு கையுறை ஃபேக்டரிக்கு பஸ் பிடித்துப் போகிறார்.

ஹாஜி அதற்குப் பிறகு அதிக காலம் இல்லை. படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போனேன். அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவரே எடுத்தார். "அத்தா மூஞ்சி அங்கயே இருந்துச்சில்ல கருணா, எறக்கலல்ல?" என்று கேட்டார். "இல்ல ஹாஜி, அப்படியேதான் இருக்கு," என்றேன். அது உண்மைதான், துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. "போதும்லா," என்றார். அவருக்குப் போதுமாக இருந்தது. சரோஜா அக்காவுக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. நல்ல மனிதர், நல்ல தூள் அரைத்தவர், செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். எனக்கு இன்னும் அவர் மேல் கோபம் தீரவில்லை. ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். ரஃபீக் வாடகை வாங்குகிறான்.

கருத்தரங்கு முடிந்த அன்றைக்குச் சாயந்திரம் என் மனைவி காரிலிருந்து அந்தத் துணிப்பையை எடுத்துப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். மீன் கறி. முதல் வாய் வைத்ததும் கை நின்றுவிட்டது. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். பையில் ஒரு பேனா, ஒரு டைரி, ஜெயின் சிரித்த முகம் போட்ட ஒரு புத்தகம். கூட, நிகழ்ச்சிக்கு உதவிய நிறுவனங்களில் ஒன்று கொடுத்த மாதிரிப் பாக்கெட், வாய் கிழிந்து அடுப்போரம் இருந்தது. ஒரு நாள் சமையலுக்கான அளவு. மேலே தாய் எழுத்து, கீழே மலாய், அதற்கும் கீழே தெளிவாகத் தமிழில், மீன் கறித்தூள். ஹட்யாய் விலாசம்.

ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன். குழாயில் கையைக் கழுவினேன். மறுபடி முகர்ந்தேன். வாசம் நின்றது.

"ஏங்க, கை கழுவிட்டீங்க? சாப்பிடலயா?" என்றாள் மனைவி. "இந்தத் தூளு நம்ம செவன்-செவன்டி மளிகைக் கடையிலகூட வந்திருச்சாம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எப்படி இருக்கு?"

திரும்ப வந்து உட்கார்ந்து, இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.